பாதை வரும்வரை

காத்தான்குடி றிழ்வானிடம் வாங்கினேன், இரண்டாம் கையாக.
மூன்றாம் கை என்பது புத்தகம் மாற்றப் போனபோது தெரிந்தது.
நூறு சிசி. இடப்பக்கக் கண்ணாடி இல்லை.
"மழையில ஒருநாளும் நிண்டதில்ல மிஸ்" என்றார்.
வெயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வைகாசியில் கச்சான் எழும்பியது.
மண்முனைப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் வந்து
ஹெல்மெட்டைப் பிடித்து
வாவிப் பக்கம் பார்க்கச் சொல்லும்.
கழுத்தை இறுக்கிக்கொண்டு போவேன்.
ஒரு மாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால்
சீற் என்னை முன்பின் தெரியாததுபோல் சுடும்.
நனைத்த சாக்கொன்றை விரித்துவிட்டுப் போகப் பழகினேன்.
சாக்குக் காய்வதற்குள் மாடு பிடிபட வேண்டும்,
அவ்வளவுதான் என் கணக்கு.

பங்குனியில் வீதியின் பாதி நெல்லுக்கு.
மீதியில் நானும் பஸ்ஸும்.
வெட்டும் மெசின் கிளப்பிய சுணை
கொலருக்குள் இறங்கி இரவு படுக்கை வரை கூட வரும்.

கார்த்திகை வேறு.
மழைக்கோட்டின் காற்சட்டை கவட்டில் கிழிந்திருக்கிறது.
ஊரெல்லாம் பரவலாகப் பெய்கிற மழை
எனக்கு மட்டும் ஓரிடத்தில் தேங்கும்.
பிளக்குக்கு யோகட் கப்பை வெட்டிக் கவிழ்த்திருக்கிறேன்.
சப்பாத்துக்குள் சொப்பிங் பை.
இத்தனைக்கும் லீசிங்காரன்
பதினைந்தாம் திகதி வெயிலோ மழையோ கேட்கமாட்டான்.

பின்னால், டியூப் பட்டியால் இறுக்கிக் கட்டியபடி,
என் ஒரே பயணி.
அலுமினியக் குடுவை. உள்ளே திரவ நைதரசன்,
பூச்சியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு பாகை.
அதற்குள் நான் கண்ணால் காணாத ஜேர்சிகளும் சாஹிவால்களும்
ஈர்க்குத் தடிப்பில் உறங்குகின்றன.
எல்லாக் காலத்திலும் சொகுசாகப் போவது அவை மட்டும்தான்.
நான் அவற்றின் சாரதி.

நேற்றுப் பின்னேரம் மண்டூரிலிருந்து அழைப்பு.
துளசிமலர். ஒரேயொரு பசு. போன முறை தவறிப்போனது.
"விடியப்புறம் இருந்து கத்துது மிஸ். கெதியா வாங்க."
கத்துகிற பசு மழை விடுமட்டும் பொறுக்காது.
இன்றைய இரவைத் தவறவிட்டால் இன்னும் மூன்று கிழமை,
அதற்கப்பால் ஒரு வருசத்துப் பால்.

குருமண்வெளியில் வீதி தண்ணீருக்குள் இறங்கி முடிந்தது.
எங்களுக்குப் பாதை என்றால் வீதியல்ல;
வீதி முடிந்த இடத்துக்கு வரும் மிதக்கும் பலகை.
அது அக்கரையில் நின்றது.

கூரை இல்லை. சைக்கிளை ஸ்டாண்டில் விட்டுக்
குந்தியிருந்து எஞ்சினைக் கட்டிப்பிடிக்காத குறையாய்
இரண்டு கைகளையும் காட்டினேன்.
வைகாசியில் என் முழங்காலைச் சுட்ட அதே இரும்பு.
சாறன் நனைந்த மீன்காரர் ஒருவரும்
கேளாமல் தன் கைகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
"உதுக்குள்ள என்ன?"
"காளை."
"எத்தின?"
"இருபத்தேழு."
குடுவையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
எழும்பித் தன் பெட்டிச் சைக்கிளை
ஓரடி தள்ளி நிறுத்திவிட்டு
திரும்பவும் வந்து குந்தினார்.

பாதை வந்தது.
ஏற்றினோம். பலகை வழுக்கியது, அவர் பின்னால் பிடித்தார்.
நான் இறங்காமல் சீற்றிலேயே இருந்தேன்,
நியூற்றலில்,
பெற்றோல் ஒரு சொட்டும் செலவில்லாமல்
வாவி என்னைக் கொண்டுபோனது.
மழை ஹெல்மெட்டில் கச்சான்கொட்டை வறுத்தது.
வைசரைத் தூக்கிவிட்டேன். இனி நனைய என்ன மிச்சம்.

அக்கரையில் ஒரு டோர்ச் வெளிச்சம் அங்குமிங்கும் ஆடியது.
அதற்குப் பின்னால்
மழையையும் மேவிக்கொண்டு
பசு.